ஊரில் பி.எட்., அமெரிக்காவில் டீச்சர்: எந்த வழியில் போவது?

மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி என் போனுக்கு வந்துவிடுகிறது. "அக்கா, இஏடி கைக்கு வந்துடுச்சு. ஊர்ல எம்.எஸ்சி. மேத்ஸ், பி.எட். முடிச்சு நாலு வருஷம் பிளஸ் டூவுக்கு எடுத்திருக்கேன். இங்க ஸ்கூல்ல சேர என்ன பண்ணணும்?" இஏடி என்பது வேலை அனுமதி அட்டை. கேட்பவர் பெரும்பாலும் டெக்சாஸின் டாலஸைச் சுற்றியே இருப்பார்: ஃப்ரிஸ்கோ, இர்விங், பிளேனோ. எப்போதாவது நியூ ஜெர்சி எடிசன்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவருக்கு மூன்று அறிவுரைகள் கிடைத்திருக்கும். "மாஸ்டர்ஸ் பண்ணாம எதுவும் நடக்காது" என்பார் ஒருவர். "ஆன்லைன்ல சில மாசத்துல சர்டிஃபிகேட் வாங்கிடலாம்" என்பார் இன்னொருவர். "எதுக்கு வம்பு, பாராவா சேர்ந்துடு", அதாவது வகுப்பு உதவியாளராக, என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் யாரோ ஒருவருக்குப் பொருந்தும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பட்டமோ மதிப்பெண்ணோ முடிவு செய்வதில்லை. எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், கையில் இருக்கும் வேலை அனுமதி எத்தனை மாதம் ஓடும் என்பவைதான் முடிவு செய்கின்றன. அனுமதி விஷயத்தை யாரும் கடைசி வரை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதலில் ஒரு பழைய பேயை ஓட்டிவிடலாம். "ஹைலி குவாலிஃபைடு டீச்சர்னு சட்டத்துல இருக்காமே, அதுக்கு என்ன வேணும்?" என்று இன்றும் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தது. 2002 ஜனவரி 8 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. முக்கியப் பாடங்கள் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: இளநிலைப் பட்டம், மாநிலத்தின் முழுச் சான்றிதழ், எடுக்கும் பாடத்தில் தேர்ச்சி இருப்பதற்கான ஆதாரம். புதிதாகச் சேரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அந்தப் பாடத்தையே பட்டப்படிப்பில் முதன்மையாகப் படித்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான கிரெடிட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாநிலத் தேர்வில் பாஸாகியிருக்க வேண்டும். 2005-06 கல்வியாண்டு முடிவதற்குள் நாட்டில் எல்லா ஆசிரியரும் இந்த வரம்புக்குள் வந்துவிட வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2015 டிசம்பர் 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ்' சட்டம் வந்தது. 'எஸ்ஸா' என்று சுருக்கிச் சொல்வார்கள். 2016-17 கல்வியாண்டிலிருந்து 'ஹைலி குவாலிஃபைடு' என்ற நிபந்தனையே இல்லை. டைட்டில் ஒன் நிதியில் நடக்கும் திட்டங்களில், அதாவது வறுமைப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஃபெடரல் அரசு தரும் பணத்தில் நடக்கும் திட்டங்களில் வேலை செய்யும் ஆசிரியர், அந்த மாநிலம் கேட்கும் சான்றிதழை வைத்திருந்தால் போதும். மாற்றுவழியில் வாங்கிய சான்றிதழும் இதில் சேரும் என்று சட்டமே சொல்கிறது.

அந்தக் கடைசி வரி சும்மா வந்ததல்ல. பழைய சட்டக் காலத்தில், மாற்றுவழிப் பயிற்சியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவரையும் 'ஹைலி குவாலிஃபைடு' கணக்கில் சேர்க்கலாம் என்று கல்வித் துறை விதி எழுதியது. கலிஃபோர்னியாவில் பெற்றோரும் மாணவர்களும் வழக்குப் போட்டார்கள். இப்படிப்பட்ட அரைகுறைப் பயிற்சிக்காரர்கள் எல்லாரும் ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளில்தான் குவிகிறார்கள், அது தெரியாமல் மறைக்கிறீர்கள் என்பது வாதம். ரெனீ எதிர் டங்கன் என்ற அந்த வழக்கில் 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு செலவினச் சட்டத்துக்குள் நாலு வரியைச் செருகி, அந்தப் பயிற்சிக்காரர்களை மறுபடியும் தகுதியானவர்கள் ஆக்கிவிட்டது. மாற்றுவழியில் போகலாமா என்று யோசிப்பவர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வகுப்பில் நீங்கள் போய் நிற்கும்போது சில பெற்றோர் ஏன் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்பது புரியும். அவர்கள் சந்தேகத்தில் முழுக்கத் தப்பும் இல்லை.

அப்படியானால் ஃபெடரல் சட்டம் மொத்தமாகக் கையைக் கழுவிவிட்டதா? இல்லை. மூன்று இடங்களில் இன்னும் பிடி இருக்கிறது, மூன்றும் நம் முடிவைத் தொடுகின்றன. டைட்டில் ஒன் திட்டத்தில் வேலை செய்யும் பாராவுக்குப் பழைய சட்டம் வைத்த தகுதி அப்படியே நீடிக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது, சான்றிதழ் இல்லாத ஒருவர் டைட்டில் ஒன் பள்ளியில் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுத்தால், பெற்றோருக்குப் பள்ளி தகவல் அனுப்ப வேண்டும். ஆசிரியரின் தகுதி என்ன என்று பெற்றோர் எப்போது கேட்டாலும் சொல்ல வேண்டும். மூன்றாவது, சிறப்புக் கல்வி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஐடியா சட்டப்படி சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு அந்தத் துறையிலேயே மாநிலச் சான்றிதழ் வேண்டும். 'அவசரத்துக்கு', 'தற்காலிகமாக' என்று அதைத் தளர்த்தவும் கூடாது. மாற்றுவழியில் படித்துக்கொண்டே வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் மூத்தவர் மேற்பார்வையில், அதிகபட்சம் மூன்று ஆண்டு.

"ஸ்பெஷல் எட்னா உடனே எடுத்துக்குவாங்களாமே" என்று ஓடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தட்டுப்பாடு உண்மைதான். வேலை பிழியும் என்பதும் உண்மை.

சரி, தாள்களுக்கு வருவோம். எந்த வழியில் போனாலும் முதல் படி, உங்கள் இந்தியப் பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, பாடவாரியாகக் கணக்கிட்டு வாங்குவது. எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை மாநிலம் ஏற்கும் என்று முதலில் பாருங்கள்; அந்தப் பட்டியலில் இல்லாத இடத்தில் பணம் கட்டினால் போனதுதான். பி.இ. படித்தவருக்கு நான்கு வருடம் என்பதால் சிக்கல் குறைவு. மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. மட்டும் வைத்திருப்பவருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்: சில நிறுவனங்கள் அதை அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்கின்றன, சில மூன்று வருடப் படிப்பு என்றே எழுதிவிடுகின்றன. எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ சேர்ந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அதனால் எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக அனுப்புங்கள். பி.எட். எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

நான் செய்த தப்பு அதுதான். எம்.எஸ்சி. வரைக்கும் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பி.எட்.டை அனுப்பவில்லை. பிறகு அதைச் சேர்க்க மறுபடி கட்டணம், மறுபடி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம். உறையில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டிய ஒரு டிரான்ஸ்கிரிப்ட்டுக்காக ஊரில் அப்பா நான்கு முறை அலுவலகப் படி ஏறினார். அதில் ஒரு கல்வியாண்டே போய்விட்டது.

பி.எட். இருப்பவர்கள் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு, வெளிநாட்டு ஆசிரியர் தகுதியை நேராக மாநிலத்திடம் பரிசீலனைக்குக் கொடுப்பது. டெக்சாஸில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் ஒரு வருடச் சான்றிதழ் தந்து, அதற்குள் மாநிலத் தேர்வுகளை முடிக்கச் சொல்வார்கள். சிக்கல் எங்கே என்றால், இங்கே ஆசிரியர் உரிமம் என்பது பட்டத்திலிருந்து வேறான ஒரு தாள். மருத்துவருக்குப் பதிவு இருப்பதைப் போல. நம் ஊரில் பி.எட். என்பது பட்டம், டெட் என்பது தகுதித் தேர்வு. 'உரிமம்' என்று தனியாக யாரும் கையில் கொடுப்பதில்லை. விண்ணப்பப் படிவம் அந்தத் தாளைத்தான் கேட்கும். டெட் தேர்ச்சிச் சான்றும், நீங்கள் வேலை செய்த பள்ளியின் அனுபவக் கடிதமும், மதிப்பீட்டு அறிக்கையில் 'ஆசிரியர் பயிற்சிப் பட்டம்' என்ற வரியும் இருந்தால் பேசிப் பார்க்கலாம். இன்னொன்று, 2015-க்கு முன் தமிழ்நாட்டில் பி.எட். ஒரு வருடம், பிறகு இரண்டு வருடம். இரண்டு வருடக்காரர்களின் அறிக்கையில் கற்பித்தல் பயிற்சி மணிநேரம் கொஞ்சம் கனமாகத் தெரியும். கதவு திறந்தால் அதிர்ஷ்டம். திறக்காவிட்டால் விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான் நஷ்டம்.

திறக்காதவர்களுக்கு வழிகள் நான்கு.

பல்கலைக்கழக வழியை எல்லாரும் முதலில் ஒதுக்கிவிடுகிறார்கள், செலவு என்பதால். உண்மைதான், இரண்டு வருடம் வரை ஆகும். டெக்சாஸில் 14 வாரம் முழுநேரமாக வகுப்பில் நின்று பயிற்சி எடுக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஃபெடரல் கல்விக் கடனோ, ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தரும் டீச் கிராண்டோ குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான், ஹெச்-4 ஆளுக்கு, அதாவது ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கு, இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, பலருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் ஒன்றே ஒன்று. ஹெச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. இஏடி காலாவதியானாலும் வகுப்பு நிற்காது. மற்ற மூன்று வழிகளும் வேலை அனுமதியில் தொங்கிக்கொண்டிருப்பவை.

அந்த அனுமதி எவ்வளவு மெல்லிய கயிறு என்று இப்போதுதான் பலருக்கு உறைக்கிறது. ஹெச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி 2015 மே 26 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் எல்லாருக்கும் இல்லை. கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஆறு வருடத்துக்கு மேல் ஹெச்-1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பித்தால் பதில் வரும்வரை பழைய அனுமதி தானாக நீளும் என்று முன்பு ஒரு வசதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது இல்லை என்று விதியை மாற்றிவிட்டார்கள். அட்டையில் இருக்கும் தேதி தாண்டினால், புது அட்டை வரும்வரை வீட்டில்தான்.

இதை வைத்துக்கொண்டு மாற்றுவழியைப் பாருங்கள். டெக்சாஸ் முறை இப்படி: இளநிலைப் பட்டம், 4-க்கு 2.5 அளவில் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண், எடுக்கப்போகும் பாடத்தில் டெக்சஸ் (TExES) என்ற மாநிலத் தேர்வு. பயிற்சி மொத்தம் 300 மணி நேரம், அதில் பாதியை வகுப்பில் கால் வைக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அப்புறம் பள்ளி மாவட்டம் ஒன்று, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் இன்டர்ன் சான்றிதழோடு ஒரு கல்வியாண்டு முழுச் சம்பளத்தில் ஆசிரியர். கடைசியில் கற்பித்தல் முறை பற்றிய தேர்வு, பிறகு ஐந்து ஆண்டுக்கான நிலையான சான்றிதழ். கட்டணத்தைச் சில நிறுவனங்கள் முதலில் சில நூறு டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைச் சம்பளம் வந்தபின் தவணையாகப் பிடிக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணிதம், அறிவியல் என்றால் இதைவிட விரைவான வழி இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் அந்த 'ஒரு கல்வியாண்டு' என்ற வார்த்தையை மறுபடி படியுங்கள். ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதம் வரை. உங்கள் அட்டை பிப்ரவரியில் முடிகிறது என்றால்? இன்டர்ன் ஆண்டு பாதியில் நின்றுபோகும், 130 பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் நிற்பார்கள். அந்த மாவட்டத்தில் அடுத்த முறை உங்கள் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் ஊகிக்க முடியாதது அல்ல. புதுப்பிப்பு விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 180 நாள் முன்பே போடலாம். ஆகவே கணக்கு எளிது: ஆகஸ்டில் வேலையில் சேரும்போது அட்டையில் குறைந்தது 10 மாதம் மீதி இருக்கிறதா? இருந்தால் மாற்றுவழி. இல்லையென்றால் புது அட்டை வரட்டும், அதுவரை தேர்வுகளை முடித்து வையுங்கள்.

தொடக்கப் பள்ளிக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சின்னப் பிள்ளைகள்தானே, சுலபம் என்று நினைத்து அந்தச் சான்றிதழுக்குப் போகிறார்கள். 2021 முதல் டெக்சாஸில் அதற்கு வாசிப்புக் கற்பிக்கும் அறிவியல் பற்றித் தனியாக ஒரு தேர்வு உண்டு. ஆங்கில ஒலிகளைப் பிரித்துப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பதை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்பார்கள். 'க' என்று எழுதினால் 'க' என்று படிக்கும் மொழியில் வளர்ந்த நமக்கு, இது கணிதத் தேர்வைவிடக் கஷ்டம். எனக்குத் தெரிந்து இரண்டு பொறியாளர்கள் கால்குலஸ் உள்ள தேர்வில் ஒரே முறையில் பாஸாகி, இதில் இரண்டாவது முறை எழுதினார்கள்.

நியூ ஜெர்சியில் இதே மாற்றுவழி வேறு மாதிரி நடக்கிறது. அங்கே முதலில் ஒரு தகுதிச் சான்று: ஜிபிஏ 3.0, பாடத்தில் பிராக்ஸிஸ் என்ற ஆசிரியர் தேர்வு, 50 மணி நேர முன்பயிற்சி. வேலை கிடைத்த பிறகு தற்காலிகச் சான்றிதழ், இரண்டு வருடப் பயிற்சி, அப்புறம் நிலையானது. டெக்சாஸைவிட நீளம், ஜிபிஏவும் கறார். ஆனால் நம் நிலைமையில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு பெரிய வசதி: அந்த முதல் தகுதிச் சான்றுக்குப் பொதுவாகக் காலாவதி கிடையாது. அனுமதி இல்லாத நாட்களில் வீட்டில் இருந்தபடியே அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். 2025 ஜனவரி முதல் வாசிப்பு, எழுத்து, கணக்கு பற்றிய அடிப்படைத் திறன் தேர்வையும் அங்கே நீக்கிவிட்டார்கள். எழுத வேண்டிய தேர்வில் ஒன்று குறைந்தது.

நியூயார்க் பக்கம் இருப்பவர்கள் குடியுரிமை பற்றிய விதியையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அந்த மாநிலத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. குடியுரிமை கோர மாட்டேன் என்ற வெளிநாட்டவருக்கு ஆசிரியர் சான்றிதழ் மறுக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979-ல் அம்பாக் எதிர் நார்விக் வழக்கில், மறுக்கலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆசிரியர் பணி என்பது குடிமக்களை உருவாக்கும் பணி, அதில் மாநிலத்துக்குத் தனி உரிமை உண்டு என்பது பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணம். பிறகு விதிகள் தளர்ந்திருக்கின்றன. ஆனாலும் 'ஃபெடரல் அரசு வேலை அனுமதி கொடுத்துவிட்டது, மாநிலம் என்ன சொல்வது' என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கை நான் சொல்வதுண்டு.

மூன்றாவது வழி பாரா வேலை. இதை இளக்காரமாகப் பேசுபவர்கள் நம்மிடையே அதிகம். "எம்.எஸ்சி. படிச்சுட்டு ஆயா வேலையா?" என்று ஒரு மாமியார் கேட்டதாக ஒரு தோழி சொன்னாள். மணிக்கணக்குச் சம்பளம், குறைவுதான். ஆனால் அமெரிக்க வகுப்பறை எப்படி நடக்கிறது என்பதை வேறு எந்தப் படிப்பும் இப்படிச் சொல்லித் தராது. பிள்ளைகள் எழுந்து நிற்க மாட்டார்கள். கைநீட்டிப் பேசினால் திட்டக் கூடாது. நடத்தைத் திட்டம் எழுத வேண்டும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஐஇபி என்ற தனித் திட்டம் இருக்கும், அதில் எழுதியிருப்பதை மீறினால் சட்டப் பிரச்சினை. நம் ஊரில் 60 பேர் உள்ள வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவர்கள், இங்கே 22 பேரிடம் முதல் மாதம் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையைச் சொந்த வகுப்பில் அழுவதைவிட, இன்னொருவர் வகுப்பில் உதவியாளராக இருக்கும்போதே அழுதுவிடுவது மேல்.

டைட்டில் ஒன் பணத்தில் வேலை செய்யும் பாராவுக்கு ஃபெடரல் சட்டம் கேட்பது: பள்ளி இறுதிப் படிப்பு, அதோடு இரண்டு வருடக் கல்லூரி, அல்லது அசோசியேட் பட்டம், அல்லது வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒரு தேர்வு. பட்டதாரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் பட்டம் இருக்கிறது என்பதற்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் ஊரிலிருந்து வர வேண்டும். மாதக்கணக்கில் வராமல் இழுக்கும்போது, தேர்வு எழுதிவிடுவதுதான் குறுக்குவழி. பாராப்ரோ என்று பெயர், 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம். நம் ஆட்களுக்குக் கணக்குப் பகுதி விளையாட்டு. ஆங்கிலப் பகுதியைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். மாவட்டம் எந்தத் தேர்வை ஏற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இஏடி நடுவில் முடிந்தாலும் பாரா வேலையில் பெரிய சேதம் இல்லை. நின்று, அட்டை வந்ததும் மறுபடி சேரலாம். பல மாவட்டங்கள் சொந்த பாராக்களை ஆசிரியராக்குவதில் ஆர்வம் காட்டுகின்றன. அந்தப் பள்ளி முதல்வருக்கு உங்கள் பெயர் தெரிந்திருப்பது, எந்த மதிப்பெண்ணையும்விடப் பெரிய விஷயம். ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதில் போகும் சப்ஸ்டிட்யூட் வேலையிலும் இந்த லாபம் பாதி கிடைக்கும், நாள் கணக்கில் என்பதால் பிள்ளைகள் சின்னதாக இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் ஒரே வகுப்பில் தொடர்ந்து நின்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு குறைவு.

நான்காவது, தனியார் பள்ளிகளும் மாண்டிசோரியும். எஸ்ஸாவின் ஆசிரியர் சான்றிதழ் விதி இவர்களைக் கட்டுப்படுத்தாது; பெரும்பாலான மாநிலங்கள் தனியார் பள்ளி ஆசிரியரிடம் மாநிலச் சான்றிதழ் கேட்பதும் இல்லை. அதனால் விரைவாகக் கிடைக்கும், சம்பளம் பொதுவாக அரசுப் பள்ளியைவிடக் குறைவு. மாண்டிசோரிக்கு ஏஎம்ஐ (சர்வதேச மாண்டிசோரி சங்கம்), ஏஎம்எஸ் (அமெரிக்க மாண்டிசோரி சங்கம்) என்று இரண்டு பெரிய பயிற்சி மரபுகள். 1929-ல் மரியா மாண்டிசோரியே தொடங்கிய ஏஎம்ஐ டிப்ளமோ பல நாடுகளில் செல்லும். அந்த அம்மையார் 1939-ல் அடையாறு தியசாஃபிகல் சொசைட்டிக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். போர் வந்து, இத்தாலியர் என்பதால் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டு, 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். இர்விங் மாண்டிசோரி ஒன்றில் நேர்காணலுக்குப் போன தோழி இதைச் சொல்ல, எதிரே இருந்தவர் முகம் மலர்ந்துவிட்டதாம். வேலை அதனால் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

இந்த வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாலர் வகுப்பில் ஐந்து வருடம் இருந்தும், அரசுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடி முதல் படியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை எல்லா மாநிலமும் கணக்கில் எடுக்காது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் தன்னார்வமாக எடுத்தவர்களும் இதே ஏமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். அரசுப் பள்ளிதான் இலக்கு என்றால் இதைத் தங்குமிடமாக வையுங்கள், வீடாக்கிவிடாதீர்கள். அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் நடுவில் நிற்பவை: அங்கே ஆசிரியருக்கு என்ன தகுதி என்பதை அந்தந்த மாநிலச் சார்ட்டர் சட்டத்துக்கே எஸ்ஸா விட்டுவிட்டது. டெக்சாஸில் பட்டம் வேண்டும். ஆனால் பல பாடங்களுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை, சிறப்புக் கல்விக்குக் கட்டாயம்.

கணவர் கம்பெனி மாறி, மாநிலம் மாறுவது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். அதையும் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்க முடியாது. ஒரு மாநிலச் சான்றிதழை இன்னொரு மாநிலம் அப்படியே ஏற்கும் என்பது இல்லை. மாநிலங்களுக்கிடையே உடன்பாடு இருக்கிறது, ஆனால் அது 'உங்கள் தாளைப் பார்க்கிறோம்' என்ற அளவுக்குத்தான். தேர்வுகளையும் சில பாடங்களையும் மறுபடி கேட்கலாம். நிலையான சான்றிதழோடு போனால் பாதிக் கஷ்டம் குறையும். இன்டர்ன் சான்றிதழோடு பாதியில் கிளம்பினால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். பல்கலைக்கழக வழியில் வாங்கியதற்கு இங்கேயும் கொஞ்சம் மதிப்பு கூடுதல். இரண்டு வருடத்துக்குள் இடம் மாறுவோம் என்று தெரிந்தால், இப்போதைய மாநிலத்தில் மாற்றுவழி தொடங்குவது காசைக் கரைப்பதுதான்.

கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. கணிதமோ அறிவியலோ படித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுவழி. ஆங்கிலத்திலோ தொடக்கப் பள்ளியிலோ இறங்குபவர் என்றால் ஒரு வருடம் பாராவாக இருந்துவிட்டு அப்புறம் மாற்றுவழி. இஏடிக்காரர்களுக்கு அட்டையில் தேதியைப் பார்த்த பிறகே பேச்சு. இஏடி கூட இன்னும் வராதவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான். உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்று சேரும் முன் கேளுங்கள். பல மாநிலங்களில் ஹெச்-4 குடும்பங்களுக்குக் கிடைக்கிறது, தொகை நன்றாகவே குறையும். ஊரிலேயே இருந்துகொண்டு கேட்பவர்களுக்கு ஜே-1 ஆசிரியர் விசா ஒன்று உண்டு: இரண்டு வருட அனுபவம் வேண்டும், மூன்று வருடம் வேலை, மேலும் ஓரிரு வருடம் நீட்டிக்கலாம், அதன் பிறகு திரும்ப வேண்டும். அது தனிக் கதை.

போன வாரம் கேட்ட தங்கைக்கு அட்டை வருகிற மார்ச்சில் முடிகிறது. இன்டர்ன் ஆண்டு என்ற பேச்சே வேண்டாம் என்றேன். பி.எட்.டையும் சேர்த்து டிரான்ஸ்கிரிப்ட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியாகிவிட்டது. அது வந்து சேர்வதற்குள் பாராப்ரோ தேர்வுக்குத் தேதி வாங்கி, பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பாரா இடம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமியார் என்ன சொல்வார் என்று யோசிக்கிறாள்.